மூன்று பச்சை விளக்குகள்

சேலம் நகருக்கு வடக்கே, ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. பக்கத்துக் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரிக் கரைக்கு ஒரு மாலைப் பொழுதில் சென்று, கொக்குகள் வந்து இறங்குவதைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். பறக்கும்போது கொக்கு தன் நீண்ட கால்களைப் பின்னே நீட்டி, வாலோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்கிறது. எதிர்க்காற்று அக்கால்களின்மேல் நேராக மோதுவதில்லை. இறங்கும் நேரம் வந்ததும் உடலை நிமிர்த்துகிறது. சிறகை விரித்து வேகத்தைக் குறைக்கிறது. கால்களை முன்னே தொங்கவிடுகிறது. தரையைத் தொட்டவுடன் கால் மூட்டு மடங்கி, விழுந்த அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது.

அங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் உள்ளது. 2018 மார்ச்சில் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். 72 என்ற இரட்டை எஞ்சின் விமானம் இங்கு வரத் தொடங்கியபோது, கொக்கு செய்யும் அதே வேலையை உலோகக் கால்கள் செய்வதைச் சேலத்து மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். விமானம் ஓடுபாதையை நெருங்குகையில் வயிற்றின் இருபுறமும் கதவு திறந்து கால்கள் இறங்கும். மூக்கின் அடியிலிருந்தும் ஒரு கால் இறங்கும்.

ஏ.டி.ஆர். 72 எழுபது பேர்வரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானம். நாம் இங்கே காணப்போவது அதைவிடச் சிறியவற்றை: நான்கு முதல் பத்துப் பேர் அமரக்கூடிய, இரண்டு எஞ்சின் பூட்டிய விமானங்களை. விமானிகள் இரட்டை எஞ்சின் ஓட்டப் பழகுவது இவற்றில்தான். நோயாளிகளை அவசரமாக ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் விமானங்களில் பலவும் இந்த இனமே. இவற்றின் கால்களைப் பற்றித் தெரிந்துகொள்வதில் ஒரு தனிச் சுவை உண்டு. ஏனெனில் இந்தக் கால்கள் உடைந்து நேர்ந்த விபத்துகளைக் காட்டிலும், கால்களைச் சுற்றி மனிதனின் கவனம் தடுமாறி நேர்ந்த விபத்துகள் நமக்குக் கற்றுத்தருபவை அதிகம்.

ஏன் மடக்க வேண்டும்?

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மிதிவண்டியில் மெல்லச் செல்லும்போது தெரியாத எதிர்க்காற்று, மோட்டார் சைக்கிளில் போகும்போது சட்டையைப் பிய்ப்பது இதனால்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு விமானத்தின் அடியில் மூன்று தூண்களும் மூன்று சக்கரங்களும் தொங்கினால் எவ்வளவு எரிபொருள் வீணாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆனால் எரிபொருளைவிட முக்கியமான காரணம் ஒன்று இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்பவை. ஆயினும் இந்த வகை விமானங்களின் உண்மை நிலைக்கு வெகு அருகில் உள்ளவை.

விமானத்தின் நிறை 2,000 கிலோகிராம். எஞ்சின் ஒவ்வொன்றும் 200 குதிரைத்திறன். புரொப்பெல்லர் என்னும் சுழல் விசிறியில் கொஞ்சம் வீணாவது போக, எஞ்சினுக்கு 150 வீதம் 300 குதிரைத்திறன் பயனாகிறது என்று கொள்வோம். உயரம் கூடாமலும் குறையாமலும் பறப்பதற்கே 110 குதிரைத்திறன் தேவை. மீதி 190. இந்த மீதிதான் விமானத்தை மேலே தூக்குகிறது. மீதித் திறனை எடையால் வகுத்தால் ஏறும் வேகம் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், நொடிக்கு 7 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 அடி வரும். (விமான உலகம் இன்னும் அடிக் கணக்கை விட்டபாடில்லை.)

இப்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டது. திறன் பாதியாகிவிட்டது, ஆகவே ஏறும் வேகமும் பாதியாகும் என்றுதானே நினைக்கிறோம்? அங்கேதான் தவறு. பயனாகும் திறன் இப்போது 150. ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் விமானம் கோணலாகத் திரும்பப் பார்க்கும். அதை நேராக்க வால் சுக்கானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதனால் தடை கூடுகிறது. ஆகவே மட்டமாகப் பறக்கத் தேவைப்படும் திறன் 120 ஆகிவிடுகிறது. மீதி வெறும் 30. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 220 அடி. பாதித் திறனை இழந்தோம்; ஆனால் ஏறும் ஆற்றலில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது!

இந்த நிலையில் கால்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்தால்? அவற்றின் தடையே 30 குதிரைத்திறனைத் தின்றுவிடும். மீதி பூச்சியம். விமானம் ஏறாது. வெயில் நாளில் காற்று லேசாகி எஞ்சினின் திறன் இன்னும் குறையும். சேலம் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கிழக்கே சேர்வராயன் மலை 1,500 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. சித்திரை மாதத்து மதியத்தில் இங்கிருந்து கிளம்பும் ஒரு சிறு விமானத்தின் விமானிக்கு, கால்களை மடக்குவது எரிபொருள் சிக்கனம் அன்று, உயிர்ப் பிரச்சினை.

அதனால்தான் விமானம் தரையை விட்டு எழுந்து, உயரமானி உண்மையாகவே ஏறுவதைக் காட்டிய மறுகணம், கால்களை மடக்க விமானி கையை நீட்டுகிறார். அதற்கு முன்பும் மடக்கக் கூடாது. எஞ்சின் தடுமாறினால் எஞ்சியிருக்கும் ஓடுபாதையிலேயே மீண்டும் இறங்கிவிடலாமே! மடக்கிய பின் அந்த வழி அடைபட்டுப்போகும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தும், கால்களை மடக்கவே வேண்டாம் என்று முடிவு செய்த வடிவமைப்பாளர்களும் உண்டு. அதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1990களில் ஓசூர் அருகே தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், இத்தாலியின் பார்த்தேனாவியா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பி 68 சி என்ற ஆறு இருக்கை இரட்டை எஞ்சின் விமானத்தைத் தயாரித்தது. அதன் கால்கள் மடங்காதவை. பம்பு இல்லை, பூட்டு இல்லை, கதவு இல்லை. பழுதாவதற்கும் மறப்பதற்கும் ஒன்றுமில்லை. வடிவத்தை வழவழப்பாகச் செதுக்கி, கால்களால் வரும் இழப்பை வேறு இடத்தில் ஈடுகட்டப் பார்த்தார்கள். பயிற்சிக்கு இதுவே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் வேகமும் உயரமும் வேண்டுவோர் மடக்குக் காலைத்தான் நாடுகிறார்கள். கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரிக்கும் டோர்னியர் 228 விமானத்திலும் கால்கள் உடலின் அடிப்பகுதிக்குள் மடங்குகின்றன.

காலுக்குள் என்ன இருக்கிறது?

விமானம் எவ்வளவு மென்மையாக இறங்கினாலும் அது ஒரு கட்டுப்படுத்தப்பட்ட விழுதல்தான். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுவதுபோன்ற கடினமான இறக்கத்தையும் தாங்கும்படி சிறு விமானங்களின் கால்களைச் செய்கிறார்கள். இது ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்திலிருந்து விமானத்தைத் தொப்பென்று போடுவதற்குச் சமம். நமது 2,000 கிலோகிராம் விமானத்தில் அந்த இயக்க ஆற்றல் 9,000 ஜூல். இதை 2 சென்டிமீட்டருக்குள் தடுத்து நிறுத்த முயன்றால், விமானத்தின் எடையைப்போல் 22 மடங்கு விசை கால்களில் தாக்கும். கால் இறக்கையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். 20 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் விசை எடையைப்போல் இரண்டேகால் மடங்குதான். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதே தத்துவம்தான்.

இந்த 20 சென்டிமீட்டர் பின்வாங்குதலைத் தருவது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். உள்ளே பாதி எண்ணெய். மீதி அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு. தரை தட்டியதும் கீழ்க்குழாய் மேலே நுழைகிறது; எண்ணெய் ஒரு சிறு துளை வழியே பிதுங்கிப் பாய்கிறது; மோதல் ஆற்றல் எண்ணெயின் சூடாக மாறுகிறது. வாயு வில் போல அமுங்கி, பிறகு விமானத்தின் எடையைத் தாங்கி நிற்கிறது. வில் மட்டும் இருந்தால் விமானம் பந்துபோல் துள்ளும். எண்ணெய்தான் அத்துள்ளலை அடக்குகிறது. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் முன்கவையில் எண்ணெய் ஊற்றுவதும் இதற்காகவே.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் காலில் பளபளவென்று சில அங்குலம் குழாய் வெளியே தெரியும். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வரும்போது விமானி இதைக் கட்டாயம் பார்க்கிறார். பளபளப்பு தெரியாமல் கால் அமுங்கிக் கிடந்தால் வாயு கசிந்துவிட்டது என்று பொருள். கூடவே சக்கரத்தின் ரப்பரில் வெட்டு, பிரேக்கில் எண்ணெய்க் கசிவு, கால் மடங்கும் குழியில் அப்பிய சேறு ஆகியவற்றையும் கவனிக்கிறார்.

முழங்கால் பூட்டு

கீழே இறங்கிய கால், விமானம் தரையில் ஓடும்போது மடங்கிவிடாமல் இருப்பது எப்படி? நீங்கள் எழுந்து நின்று பாருங்கள். முழங்காலை நேராக்கி, சற்றே பின்னுக்குத் தள்ளி நின்றால் தசைக்கு வேலையே இல்லை. எடை முழுவதும் எலும்பு வழியே தரைக்குச் செல்கிறது. யாராவது பின்னாலிருந்து முழங்காலை முன்னுக்குத் தட்டினால்தான் கால் மடங்குகிறது. விமானக் காலின் பக்கவாட்டில் உள்ள மடக்குத் தண்டும் இப்படித்தான். இரண்டு துண்டாக நடுவில் கீல் வைத்த தண்டு, நேர்கோட்டைச் சற்றே தாண்டிப் போய் நிற்கிறது. எடை ஏற ஏறப் பூட்டு இன்னும் இறுகுகிறதே தவிர விடுவதில்லை. அதன்மேல் ஒரு கொக்கியும் வில்லும் சேர்ந்து, தட்டினாலும் மடங்காதபடி காக்கின்றன.

கால்களை ஏற்றி இறக்க இருவகை வழிகள் பெரிதும் வழக்கத்தில் உள்ளன. பீச்கிராஃப்ட் பேரன் போன்றவற்றில் மின்மோட்டார் ஒன்று பல்சக்கரப் பெட்டியைச் சுழற்றித் தண்டுகளை இழுக்கிறது. பைப்பர் செனிகா போன்றவற்றில் மின்சாரத்தால் ஓடும் ஹைட்ராலிக் பம்பு எண்ணெயை அழுத்தி, பிஸ்டன்கள் மூலம் கால்களை மடக்குகிறது.

மின்சாரம் போய்விட்டால்? இங்கே செனிகாவை வடிவமைத்தவர்களின் அறிவைப் பாராட்ட வேண்டும். கால்களை மேலே பிடித்து வைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம் மட்டுமே. கொக்கி எதுவும் இல்லை. குழாய் வெடித்து எண்ணெய் கசிந்து அழுத்தம் போனால், கால்கள் தாமாகவே கீழே தொங்கும். விமானி செய்ய வேண்டியதெல்லாம் வேகத்தைக் குறைத்து, ஒரு குமிழை இழுத்து அழுத்தத்தை விடுவிப்பதுதான். புவியீர்ப்பு கால்களை இறக்குகிறது. வில்கள் அவற்றைப் பூட்டுக்குள் தள்ளுகின்றன.   

பேரனில் இந்த வசதி இல்லை. பல்சக்கரங்கள் கோத்திருப்பதால் கால்கள் தாமாக விழா. அதற்காக முன்னிருக்கைகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி உண்டு. ஏறத்தாழ 50 சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டு, உடலைத் திருப்பி, கிணற்றில் நீர் இறைப்பதுபோல் சுற்றுவது எளிய காரியமன்று. பழுது நேர்ந்தால் கெடுதல் இல்லாத பக்கமாகப் பழுதாவதே நல்ல பொறியியல் என்று கொண்டால், என் மதிப்பெண் செனிகாவுக்கே.

விளக்கு எரியாவிட்டால்

கால்கள் இறங்கியதை விமானி தம் இருக்கையிலிருந்து பெரும்பாலும் பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பூட்டிலும் ஒரு சிறு ஸ்விட்ச் வைத்து, அது அழுத்தப்பட்டால் பலகையில் ஒரு பச்சை விளக்கு எரியும்படி செய்திருக்கிறார்கள். மூன்று கால், மூன்று பச்சை. கால்கள் பாதி வழியில் இருக்கும்போது சிவப்பு. மேலே மடங்கிவிட்டால் எந்த விளக்கும் இல்லை.

இரண்டு பச்சைதான் எரிகிறது என்றால் கால் இறங்கவில்லையா, பல்பு போய்விட்டதா? இதை அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. எரியும் பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் மாட்டிப் பார்க்கலாம். செனிகாவில் இடப்பக்க எஞ்சின் கூட்டின்மேல் ஒரு கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள்; மூக்குக் கால் அதில் தெரியும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரவில் கண் கூசாதிருக்க, பலகை விளக்குகளைப் போட்டவுடன் பச்சை விளக்குகள் மங்கிவிடும்படி பல பைப்பர் விமானங்களில் அமைத்திருக்கிறார்கள். பட்டப்பகலில் யாராவது அந்த ஸ்விட்சைத் தட்டிவிட்டால், மூன்று விளக்குகளும் அணைந்ததுபோல் தோன்றும். கால்கள் ஒழுங்காகவே இருக்கும். விமானிக்கு மட்டும் வியர்க்கும்.

பல்பு என்றதும் ஒரு துயரச் செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. அது சிறிய விமானமும் அன்று. மூன்று எஞ்சின் பூட்டிய லாக்ஹீட் டிரைஸ்டார். 1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 401 மயாமியில் இறங்கவிருந்தது. மூக்குக் காலின் பச்சை விளக்கு எரியவில்லை. விமானி இறங்காமல் 2,000 அடி உயரத்துக்குச் சென்று, விமானத்தைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தார். விமானி அறையில் இருந்த அத்தனை பேரின் கவனமும் அந்தச் சிறு விளக்கின்மேல் குவிந்தது. ஒருவர் அதைக் கழற்ற முயன்றார். ஒருவர் காலைப் பார்க்கக் கீழே இறங்கினார். இதற்கிடையே உயரத்தைக் காக்கும் ஏற்பாடு தற்செயலாக விடுபட்டு, விமானம் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியதை எவரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அது மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு ஆராய்ந்தபோது மூக்குக் கால் ஒழுங்காக இறங்கிப் பூட்டியிருந்தது தெரிந்தது. பல்புதான் எரிந்துபோயிருந்தது.

காலே இறங்காமல் வயிற்றால் தரையிறங்கியிருந்தால்கூட அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். இன்று பயிற்சிப் பள்ளிகளில், இருவர் இருந்தால் ஒருவர் விமானத்தை மட்டுமே ஓட்ட வேண்டும், மற்றவரே கோளாறைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவதன் பின்னணியில் இந்த இரவு இருக்கிறது. தனியாக ஓட்டுபவர் முதலில் பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, அதன்பிறகே பல்பைத் தொட வேண்டும்.

கையும் மறதியும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் ஒரு விந்தையான புகார் எழுந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பி 17 போன்ற விமானங்களில், இறங்கிய பிறகு விமானிகள் கால்களை மடக்கிவிட்டார்கள்! இறக்கைத் தட்டுகளை உயர்த்தப் போன கை, பக்கத்தில் இருந்த கால் விசையைத் தட்டிவிட்டது. விமானிகளின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் ஆல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்ற உளவியலார் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. கால் விசையின் நுனியில் சக்கரம் போன்ற ரப்பர் வட்டையும், தட்டு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் அவர் பொருத்தச் செய்தார். கண்ணால் பாராமலே கை வேறுபாட்டை அறிந்தது. புகார் மறைந்தது. இன்றும் எந்த விமானத்தின் படத்தைப் பார்த்தாலும் கால் விசையின் நுனியில் ஒரு குட்டிச் சக்கரம் இருப்பதைக் காணலாம்.

பாடம் எளிதில் பரவிவிடவில்லை. பேரன் விமானங்களில் பல ஆண்டுகள் கால் ஸ்விட்சும் தட்டு ஸ்விட்சும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறான இடங்களில் இருந்தன. வேறு விமானத்தில் பழகியவர் இதில் ஏறினால் கை பழைய இடத்துக்கே போகும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து 1980இல் தனி அறிக்கையே வெளியிட்டது. பின்னர் நிறுவனம் அமைப்பை மாற்றிக்கொண்டது.

தரையில் நிற்கும்போது தவறித் தட்டினாலும் கால் மடங்காதிருக்க ஒரு காவல் ஸ்விட்ச் உண்டு. எடை ஏறிக் கால் அமுங்கியிருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. இதை நம்பி விளையாடக் கூடாது. வேகமாக ஓடும் விமானம் ஒரு மேட்டில் ஏறித் துள்ளினால் கால் ஒரு கணம் நீளும்; அந்த ஒரு கணம் போதும்.

இறக்க மறப்பதைத் தடுக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. கால் இறங்காத நிலையில் எஞ்சின் விசையைக் குறைத்தால் ஊதல் அலறும். கோபுரத்திலிருந்து எச்சரித்தபோது ஏன் கேட்கவில்லை என்று விசாரித்ததற்கு, "இந்த ஊதல் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?" என்று ஒரு விமானி பதில் சொன்னதாக ஒரு பழைய வேடிக்கைக் கதை விமானிகளிடையே வழங்குகிறது. கதையில் உண்மை இல்லாமலில்லை. அடிக்கடி கேட்கும் ஒலி காதில் விழாமலே போகும். பயிற்சியில் ஆசிரியர் ஓர் எஞ்சினைக் குறைத்து, அது நின்றுவிட்டதாகப் பாவனை செய்வார். உடனே பல விமானங்களில் ஊதல் அலறும். மாணவர் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்!

இங்கே நாம் முதலில் போட்ட கணக்கை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஓர் எஞ்சினோடு இறங்க வருபவர், மீதியுள்ள 30 குதிரைத்திறனைக் காப்பாற்ற எண்ணிக் கால்களைத் தாமதமாகவே இறக்குவார். வழக்கமான நாளில் இன்ன இடம் வந்ததும் கால் என்று கைக்கே ஒரு பழக்கம் இருக்கும். இன்று அந்த இடம் தாண்டிப் போய்விட்டது, காதில் ஊதல், நின்ற எஞ்சின், அழுத்திப் பிடித்த சுக்கான். மறதிக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? எனவேதான் ஓடுபாதை நிச்சயம் என்றானதும் காலை இறக்கி, மூன்று பச்சையை வாய்விட்டுச் சொல்லி, தரைக்கு மிக அருகில் வந்தபின் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பான ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள்.

கால் இல்லாமல் இறங்குதல்

எல்லாம் செய்தும் கால் சரிவரவில்லை என்றால் முதலில் தேவை நேரம். எரிபொருள் இருக்கும்வரை வானம் பாதுகாப்பான இடம். 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. 140க்கும் மேற்பட்டோருடன் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டதைத் தொலைக்காட்சியில் தமிழகமே பார்த்தது. இந்த ரக விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது; எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். வட்டமிட்டதற்குக் காரணம் அதுவே. கடைசியில் கால்களின் மேல் இயல்பாகவே இறங்கிற்று.

நம் இன விமானத்துக்கு நேர்ந்த கதை 2021 மே 6 அன்று. பீச்கிராஃப்ட் கிங் ஏர் சி 90 என்ற இரட்டை எஞ்சின் ஆம்புலன்ஸ் விமானம், ஒரு நோயாளியுடன் நாகபுரியில் கிளம்பியபோது ஒரு சக்கரம் கழன்று தரையில் விழுந்துவிட்டது. உள்ளே ஐந்து பேர். மும்பைக்குச் செல்வதென்று முடிவாயிற்று. நீண்ட ஓடுபாதை, பெரிய தீயணைப்புப் படை, வழியில் எரிபொருளும் குறையும்.

மற்ற இரண்டு கால்கள் நன்றாக இருக்கின்றனவே, அவற்றை இறக்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் கால் ஊன்றினால், வேகம் குறைந்து இறக்கை தாழும்போது விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று ஓடுபாதையை விட்டுப் பாய்ந்துவிடலாம். வயிறு முழுவதும் தரையில் பட்டால் நேராகச் சறுக்கும். ஆகவே எல்லாக் கால்களையும் மடக்கியபடியே இறங்கினார் விமானி. ஓடுபாதையில் தீயணைப்பு நுரை பரப்பியிருந்தார்கள். இரவு 9 மணியளவில் விமானம் வயிற்றால் சறுக்கி நின்றது. ஐவரும் நலம்.

இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொடும் ஒரு சிறு விமானம். உலோகத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.4 எனக் கொள்வோம். வேகம் ஒவ்வொரு நொடியும் 4 மீட்டர் வீதம் குறையும். 10 நொடியில், 200 மீட்டர் தூரத்தில் விமானம் நின்றுவிடும். இருக்கைப் பட்டையை இறுகக் கட்டியவருக்கு இது பேருந்து ஓட்டுநர் பலமாகப் பிரேக் பிடித்ததைவிடப் பெரிய அதிர்ச்சியன்று. காமலாபுரத்து ஓடுபாதை 1,800 மீட்டர் நீளம். அதில் ஒன்பதில் ஒரு பங்கே போதும்.

விமானிகளை இங்கே மயக்கும் ஆசை ஒன்று உண்டு. சுழலும் விசிறிகள் தரையில் பட்டால் வளைந்துவிடும். அந்த அதிர்ச்சியால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டி வரும். செலவு பல இலட்சம். முன்கூட்டியே எஞ்சின்களை நிறுத்தி விசிறியைக் காப்பாற்றினால் என்ன? அனுபவசாலிகள் வேண்டாம் என்கிறார்கள். நிறுத்திவிட்டால், இறக்கம் பிசகினால் மீண்டும் எழ முடியாது. மேலும் தரைக்குச் சில அடி உயரத்தில் விசைகளைத் தேடும் கை, விமானத்தை ஓட்ட வேண்டிய கை அல்லவா? ஓடுபாதை உறுதியான பிறகு எரிபொருளையும் மின்சாரத்தையும் அடைத்தால் போதும். கதவு இறுகிக்கொள்ளாதிருக்க அதன் தாழை முன்பே நீக்கி வைப்பதும் வழக்கம். நின்றபின் தூக்கிகள் வந்து விமானத்தை உயர்த்தும். பெரும்பாலும் அந்தக் கால்களையே கீழே இழுத்துப் பூட்டி, அவற்றின்மேலேயே உருட்டிக் கொட்டகைக்குக் கொண்டு போவார்கள்.